தமிழுக்குப் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா? நாடு, இன, மொழிப் பெயர்களின் தலையெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. வேலை விண்ணப்பம், விசாவுக்கான கடிதம், கம்பெனிக் கையேடு என்று எது வந்தாலும் என் சிவப்பு மை அதிகம் விழுவது சொற்களின் முதல் எழுத்தில்தான். ‘இதை ஏன் பெரிசாக்கினீர்கள், அதை ஏன் சின்னதாக்கினீர்கள்’ என்று கேட்காதவர் குறைவு. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய எழுத்து என்று நான் சொல்வது கேப்பிட்டல் லெட்டரை. சிறிய எழுத்து என்பது ஸ்மால் லெட்டரை.

ஆங்கிலத்தில் ‘தமிழ்’ என்று எழுதும்போது முதல் எழுத்து பெரிதாக இருந்தே ஆக வேண்டுமா?

ஆமாம். நாடு, அந்த நாட்டு மக்கள், மொழி, அவற்றிலிருந்து வரும் பெயரடை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துதான். தமிழ் மொழி, தமிழ்ப் படம், தமிழர் மூன்றுக்கும் ஒரே விதி. கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் அப்படியே. ஆனால் கோடை, குளிர்காலம் போன்ற பருவங்களுக்குச் சிறிய எழுத்து.

விண்ணப்பங்களில் ‘தெரிந்த மொழிகள்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றும் சிறிய எழுத்தில் தலைகுனிந்து நிற்கும். அதற்கு மேல் வரியில் ‘அப்பா பெயர்’, ‘சொந்த ஊர்’ என்ற சாதாரணச் சொற்கள் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் நிமிர்ந்து நிற்கும். அப்படியே தலைகீழாக மாற்றினால் சரியாகிவிடும்.

பள்ளிப் பாடங்களிலும் இதே குழப்பம். வாக்கியத்துக்கு நடுவில் ‘தமிழ்’, ‘இங்கிலீஷ்’ வந்தால் பெரிய எழுத்து. ‘கணக்கு’, ‘அறிவியல்’ வந்தால் சிறிய எழுத்து. ‘கணக்குக்கு மட்டும் மரியாதை இல்லையா சார்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டும் மொழியின் பெயர்கள், அவ்வளவுதான்.

நமக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு தடுமாறுகிறது?

நம் எழுத்தில் பெரிசு, சின்னது என்ற பேதமே கிடையாது. ஒன்றாம் வகுப்பில் வாங்கிய நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். தமிழுக்கு இரண்டு கோடு நோட்டு, இங்கிலீஷுக்கு நாலு கோடு நோட்டு. அந்தக் கூடுதல் கோடுகளுக்குக் காரணமே சின்ன எழுத்து எது வரை ஏறலாம், எது வரை இறங்கலாம் என்று காட்டுவதுதான்.

பெரிய எழுத்து இல்லாமல் பெயரையும் பொருளையும் எப்படிப் பிரிக்கிறோம்? வினைமுற்று பார்த்துக்கொள்கிறது. ‘நிலா வந்தது’ என்றால் வானத்து நிலா, ‘நிலா வந்தாள்’ என்றால் பக்கத்து வீட்டுப் பெண். ‘வெற்றி வந்தது’, ‘வெற்றி வந்தான்’ இரண்டுக்கும் யாரும் திணறுவதில்லை. ஆங்கிலம் சொல்லின் தலையில் வைக்கும் அடையாளத்தை நாம் உயர்திணை, அஃறிணை என்று வாக்கியத்தின் வாலில் வைத்திருக்கிறோம். வினை இல்லாமல் ‘மலர் எங்கே?’ என்று மொட்டையாக எழுதினால் மட்டும் பூவா, ஆளா என்று முழிக்க வேண்டியதுதான்.

உலகத்தில் நாம் தனியாகவும் இல்லை. அரபி, ஹீப்ரு, தேவநாகரி, தாய், சீனம் எதிலும் இந்தப் பேதம் கிடையாது. லத்தீன், கிரேக்கம், சிரிலிக், ஆர்மீனியன் போன்ற சிலவற்றில்தான் உண்டு. இந்தியாவிலேயே ஒன்று இருக்கிறது தெரியுமா? ஜார்க்கண்ட் பக்கத்து ஹோ மொழிக்காக லாகோ போத்ரா உருவாக்கிய வாரங் சிட்டி எழுத்துக்கு, கணினி எழுத்துகளின் பொதுத் தரமான யூனிகோடில் பெரிய வடிவம், சிறிய வடிவம் இரண்டும் இருக்கின்றன.

ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம் எதற்கு?

ரோமானியர் கல்லில் வெட்டியவை எல்லாம் பெரிய எழுத்துகள்தான். பேனாவால் வேகமாக எழுதி எழுதித் தேய்ந்து உருண்டவை சிறியவை. சார்லமேன் மன்னரின் காலத்தில், 800ஆம் ஆண்டை ஒட்டி, அந்தச் சிறிய எழுத்து சீராக்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியது. அப்புறம் இரண்டையும் கலந்து எழுதும் பழக்கம் வந்தது. அச்சகத்தில் பெரிய எழுத்து அச்சுகளை மேல் பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்தார்கள். ‘அப்பர் கேஸ்’, ‘லோயர் கேஸ்’ என்கிறோமே, அந்தக் கேஸ் இந்தப் பெட்டிதான்.

எந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்து என்பதை ஒவ்வொரு மொழியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டது. ஆங்கிலமே ஒரு காலத்தில் பொதுப் பெயர்களுக்கும் தாராளமாகப் பெரிய எழுத்துப் போட்டது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் வரியில் ‘மக்கள்’ என்ற சாதாரணச் சொல்லே பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.

பிரெஞ்சில் ஒரே சொல் ஓரிடத்தில் பெரிதாகவும் இன்னோரிடத்தில் சிறிதாகவும் வருகிறதே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பாரிஸ், மாண்ட்ரியால் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

பிரெஞ்சில் ஆள் என்றால் பெரிய எழுத்து. மொழி என்றாலும் பெயரடை என்றாலும் சிறிய எழுத்து. தமிழருக்கு இதை நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி உண்டு, நான் அதற்குக் ‘காரர் சோதனை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதப்போவதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘பிரெஞ்சுக்காரர்’ என்று காரர் ஒட்டுகிறதா? பெரிய எழுத்து. ‘பிரெஞ்சு பேசுகிறார்’, ‘பிரெஞ்சுப் படம்’ என்று காரர் இல்லாமல் நிற்கிறதா? சிறிய எழுத்து. நம் பெயருக்கும் இது பொருந்தும். ‘தமிழர்’ என்று அர் வந்தால் ‘தமூல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் தலை பெரிதாகும். ‘தமிழ் படிக்கிறேன்’, ‘தமிழ் உணவகம்’ என்றால் சிறிதாகும். நாம் விகுதியால் காட்டும் வேறுபாட்டை அவர்கள் எழுத்தின் அளவால் காட்டுகிறார்கள்.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் காலை வாரும். ‘அவர் பிரெஞ்சுக்காரர்’ என்று தமிழில் ஒரே மாதிரிதான் சொல்வோம். பிரெஞ்சில் அதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘அவர் ஒரு பிரெஞ்சுக்காரர்’ என்பதுபோல ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’, ‘யூன்’ முன்னால் வந்தால் அது பெயர்ச்சொல், பெரிய எழுத்து. அது இல்லாமல் ‘அவர்’ என்பதை அடுத்து ‘இருக்கிறார்’ என்ற வினையும் நாட்டுச் சொல்லும் மட்டும் வந்தால் அதைப் பெயரடையாகக் கொண்டு சிறிய எழுத்தில் எழுதுவதே வழக்கம். ஆரம்பத்தில் நான் இதைக் கவனிக்காமல் ஒரு நிறுவனத்தின் பதினாறு பக்கக் கையேடு முழுக்கப் பெரிய எழுத்தாக அடித்து அனுப்பினேன். திரும்பி வந்த கோப்பில் பக்கத்துக்கு ஏழெட்டுத் திருத்தம். எல்லாம் அந்த ஒரே எழுத்து.

கிழமை, மாதம், மதம், மதத்தைப் பின்பற்றுகிறவர் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் சிறிய எழுத்து. அதனால் யூதரைப் பற்றி எழுதும்போது சுவாரசியமான நிலைமை: இனமாகச் சொன்னால் பெரியது, மதமாகச் சொன்னால் சிறியது. எழுதுகிறவர் எதை நினைத்தார் என்று முதல் எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

விதிவிலக்கு இல்லாமல் பிரெஞ்சா? 1635இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதமியின் பெயரில் ‘பிரெஞ்சு’ என்ற பெயரடைக்குச் சிறிய எஃப்தான். அதே பாரிஸில் உள்ள கொமெதி ஃபிரான்சேஸ் நாடக அரங்கின் பெயரில் இடையில் ஒரு கோடு போட்டு, பெரிய எஃப் போடுகிறார்கள்.

ஜெர்மனில் எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து என்கிறார்களே?

எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும். மேசை, பசி, நாய், நம்பிக்கை எதுவானாலும் சரி. நாட்டுப் பெயரடை வந்தால் மட்டும் தலைகீழ்: ‘ஜெர்மன் ரொட்டி’ என்பதில் ரொட்டிக்குப் பெரிய எழுத்து, ஜெர்மனுக்குச் சிறிய எழுத்து! ஆங்கிலத்துக்கு நேர் எதிர். தமிழர் என்ற பொருளில் ‘தமீலே’, தமிழ் மொழி என்ற பொருளில் ‘தமில்’ இரண்டும் பெயர்ச்சொற்கள், ஆகவே பெரியவை. ‘தமிலிஷ்’ என்ற பெயரடை சிறியது.

ஊர்ப் பெயரோடு ‘எர்’ சேர்த்து வரும் அடைகள் இந்த விதிக்குள் அடங்காது. பெர்லினர், வீனர் (வியன்னா ஊருடையது) எல்லாம் எப்போதும் பெரிய எழுத்து. சுவிட்சர்லாந்துக்கும் அந்த ‘எர்’ கிடைத்துவிட்டதால், கடையில் ‘சுவிஸ் சீஸ்’ பெரிய எழுத்தோடும் பக்கத்துத் தட்டில் ‘பிரெஞ்சு சீஸ்’ சிறிய எழுத்தோடும் இருக்கும்.

எழுத்தின் அளவு பொருளை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஜெர்மானியர் சொல்லிச் சிரிக்கும் ஓர் உதாரணம்: ‘டெர் கெஃபாங்கெனெ ஃப்ளோ’. இரண்டாம் சொல் பெரிய எழுத்தில் தொடங்கி மூன்றாவது சிறியதாக இருந்தால் ‘கைதி தப்பி ஓடினான்’. இரண்டாவது சிறிதாகி மூன்றாவது பெரிதானால் ‘பிடிபட்ட தெள்ளுப்பூச்சி’. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுதான்.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. கதைகளால் நமக்குத் தெரிந்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாகோப் கிரிமுக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. 1854இல் முதல் தொகுதி வந்த அவர்களுடைய பெரிய ஜெர்மன் அகராதியிலேயே பொதுப் பெயர்ச்சொற்கள் சிறிய எழுத்தில்தான். பாவ்ஹாஸ் கலைப்பள்ளி 1925இல் பெரிய எழுத்தை அடியோடு விட்டது. நேரம் மிச்சம் என்று கடிதத்தாளிலேயே அச்சிட்டார்கள். ஆனாலும் ஊர் மாறவில்லை. டென்மார்க் மாறியது: 1948 வரை டேனிஷிலும் பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து, அந்த ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

நார்வே, டென்மார்க், சுவீடனில் இருக்கும் உறவினர் ‘தமிழ்’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதுகிறார்களே, அவமதிப்பு இல்லையா?

இல்லை. அந்த மூன்று மொழிகளிலும் நாட்டினர், மொழி, பெயரடை, கிழமை, மாதம் எல்லாம் சிறியவை. அவர்கள் தங்களையே நார்வேக்காரர், டேனிஷ்காரர் என்று சிறிய எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறார்கள். நாட்டின் பெயருக்கு மட்டும் பெரிய எழுத்து. பின்லாந்தில் இன்னும் அழகு: ‘சுவோமி’ என்று பெரிய எழுத்தில் எழுதினால் நாடு, சிறியதில் எழுதினால் அதன் மொழி.

ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ்?

நாடு பெரியது, மற்றதெல்லாம் சிறியது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வீர்கள். இத்தாலியனில் ஒரு நயம்: பழைய ரோமப் பேரரசின் ரோமானியர் என்றால் பெரிய எழுத்து; இன்று ரோமில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்றால் சிறிய எழுத்து. போர்ச்சுகலில் முன்பு மாதங்களைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள்; 1990 எழுத்து ஒப்பந்தம் பிரேசில் வழக்கப்படி அவற்றைச் சிறிதாக்கியது.

ரஷ்யன், போலிஷ்?

ரஷ்யனில் ஆள், மொழி, பெயரடை எல்லாம் சிறியவை. போலிஷுக்குக் காரர் சோதனை பிரெஞ்சைவிடக் கச்சிதமாகப் பொருந்தும்: போலந்துக்காரருக்குப் பெரிய எழுத்து, மொழிக்கும் பெயரடைக்கும் சிறிய எழுத்து. விநோதம் என்னவென்றால், நாட்டுக்காரருக்குப் பெரிய எழுத்துப் போட்டவர்கள் ஊர்க்காரருக்குப் போடவில்லை. போலந்துக்காரர் பெரியவர், வார்சாக்காரர் சின்னவர். இந்தப் பாரபட்சத்தை 2026 ஜனவரி 1 முதல் நீக்கியிருக்கிறார்கள். இப்போது வார்சாக்காரருக்கும் பெரிய எழுத்து. அதற்கு முன் அச்சான பாடப்புத்தகம் கையில் இருந்தால் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

மலாய் மொழியில் எப்படி?

‘பஹாசா தமிழ்’ என்று தொடரின் நடுவில் எழுதும்போது மொழி என்று பொருள்படும் பஹாசா சிறியதாகவும் தமிழ் பெரியதாகவும் வருவது பொது வழக்கம். ‘ஓராங் தமிழ்’ என்பதிலும் அப்படியே, ஓராங் என்றால் ஆள். கிழமைக்கும் மாதத்துக்கும் ஆங்கிலம் போலவே பெரிய எழுத்து.

அதன் உடன்பிறப்பான இந்தோனேசிய மொழியில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. நாட்டுப் பெயர் ஒரு பொருளின் வகையைச் சொல்ல வந்தால் சிறிதாகிவிடும். திருகி அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனருக்கு அங்கே ‘குஞ்சி இங்கிரிஸ்’ என்று பெயர். நேராகச் சொன்னால் ‘இங்கிலீஷ் சாவி’. அந்த இங்கிலீஷுக்குச் சிறிய எழுத்து. நம் கருப்பட்டிக்கு உறவான ‘குலா ஜாவா’விலும் ஜாவா சிறியது. ஸ்பேனருக்கும் இங்கிலாந்துக்கும் இப்போது என்ன சம்பந்தம்? நாமும் சீமை எண்ணெய் என்று மண்ணெண்ணெய்யைச் சொல்லும்போது எந்தச் சீமை என்று யோசிப்பதில்லையே.

அப்படியானால் ஆங்கிலத்தில் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்?

இங்கே ஆங்கிலப் பதிப்பகங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பிரான்சோடு நேரடித் தொடர்பு விட்டுப்போன இத்தகைய சொற்களுக்குச் சிறிய எஃப் போதும் என்கிறார்கள் சிலர். வேறு பலர் பெரியதே போடுகிறார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆவணம் முழுக்க அதையே செய்யுங்கள்.

நம் பக்கத்துச் சொற்கள் இரண்டு இதில் தெளிவானவை. கட்டம் போட்ட பருத்தித் துணியைக் குறிக்கும் ‘மெட்ராஸ்’ அகராதியில் சிறிய எம்மோடு இருக்கிறது. ஊர் 1996இல் சென்னை ஆகிவிட்டது, துணி இன்னும் மெட்ராஸ்தான். கள்ளிக்கோட்டையிலிருந்து போன ‘காலிகோ’ துணிக்கும் சிறிய எழுத்தே.

ஆனால் எழுத்தின் அளவால் பொருளே மாறும் சொற்களில் விளையாட முடியாது. சைனா பெரியதானால் நாடு, சிறியதானால் பீங்கான். டர்க்கி பெரியதானால் நாடு, சிறியதானால் வான்கோழி. ஒரே எழுத்துக்கூட்டலில் பெரிய பி போட்டால் போலிஷ், சிறிய பி போட்டால் பாலிஷ். தமிழில் எழுதினால் இந்தப் பிரச்சினையே வராது பாருங்கள், உச்சரிப்பே வேறு!

அம்மா, கலெக்டர், அரசு போன்ற பொதுச் சொற்களுக்கு?

ஆங்கிலத்தில் பெயருக்குப் பதிலாக நின்றால் பெரியது: ‘அம்மா கூப்பிட்டார்’. ‘என் அம்மா’, ‘அவர் அம்மா’ என்று உடைமை சேர்ந்தால் சிறியது. கலெக்டர், பிரின்சிபால் பதவிகள் ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரியது. ‘கலெக்டரைப் பார்த்தேன்’ என்று தனியாக வந்தால் சிறியது போதும். நம் ஊர் மனுக்களில் மரியாதைக்காக எல்லாவற்றையும் பெரிதாக்குகிறோம். வேலை நடக்க வேண்டுமே என்று நானும் மனுக்களில் அதைத் திருத்துவதில்லை. சமோசாவுக்கும் தோசைக்கும் இட்லிக்கும் எப்போதும் சிறிய எழுத்து.

காலம் மாற மாறச் சொல்லின் அந்தஸ்தும் மாறும். ‘இன்டர்நெட்’ என்பதை அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2016இல் சிறிதாக்கியது. கறுப்பினத்தவரைக் குறிக்கும் ‘பிளாக்’ என்பதை அதே நிறுவனம் 2020 ஜூனில் பெரிதாக்கியது. நிறத்தின் பெயர் ஒரு மக்களின் பெயராக ஏற்கப்பட்டதற்கு அது அடையாளம். இந்த வழக்கு பழையது: ‘நீக்ரோ’ என்ற அன்றைய சொல்லுக்குப் பெரிய என் வேண்டும் என்று கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் போன்றவர்கள் வாதாடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930இல்தான் இறங்கி வந்தது. அதனால், ஆறாவது கேள்விக்காரர் கேட்ட ‘அவமதிப்பு’க்கு நான் ஒரேயடியாக இல்லை என்று சொன்னது நார்வேக்குப் பொருந்தும். எல்லோருக்கும் பெரிய எழுத்துக் கொடுக்கும் மொழியில் ஒருவருக்கு மட்டும் மறுத்தால் அது வேறு கதை.

‘நான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஏன் பெரிய ஐ?

கர்வம் என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘இச்’ என்று இருந்த சொல் தேய்ந்து ஒற்றை எழுத்தானபோது, கையெழுத்துப் பிரதியில் அந்தக் குட்டிக் கோடு தொலைந்துபோனது; கண்ணுக்குத் தெரியட்டும் என்று நீட்டினார்கள். ஜெர்மன் ‘நான்’ சிறியது, ஆனால் மரியாதையான ‘நீங்கள்’ பெரியது. அதே ‘ஸீ’ சிறிதானால் ‘அவள்’ அல்லது ‘அவர்கள்’. டேனிஷில் ஒற்றைப் பெரிய ஐ இருக்கிறது, பொருள் ‘நீங்கள்’ எல்லோரும்!

கம்ப்யூட்டரே மாற்றித் தராதா?

வேர்டு போன்ற மென்பொருள்கள் ஆங்கிலத்துக்கு ஓரளவு செய்யும். ஆவணத்தின் மொழியைப் பிரெஞ்சு என்று மாற்றாமல் விட்டால் ஆங்கில விதியைத் திணித்துவிடும், ஜாக்கிரதை. துருக்கியில் வேறு சிக்கல். அங்கே புள்ளி வைத்த ஐ, புள்ளி இல்லாத ஐ என்று இரண்டு தனி எழுத்துகள், இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய வடிவம். இஸ்தான்புல்லின் பெரிய ஐ தலையிலும் புள்ளி உண்டு. துருக்கி மொழி அமைப்பில் ஒரு கணினி பெரிய எழுத்திலுள்ள ‘ஃபைல்’ என்ற சொல்லைச் சிறிதாக்கினால் புள்ளியில்லாத ஐ வந்து, நிரல் அது வேறு சொல் என்று நினைத்து நின்றுவிடும். நிரல் எழுதும் நண்பர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது நடுவில் பெரிய எழுத்துப் போடுகிறார்களே, அது தப்பா?

அது வேறு உலகம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளில் பெரிய எல் என்றால் ள, பெரிய என் என்றால் ண. அங்கே நாடு, இனம், வாக்கியத் தொடக்கம் எதுவும் கிடையாது. ஷிஃப்ட் விசை ஒலியை மட்டும் மாற்றும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘எல்’லைச் சிறியதாகவே விட்டுவிட்டு, ‘பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம்’ என்று உறவினர் குழுவில் அனுப்பினார் எங்கள் சித்தப்பா. போய்ச் சேர்ந்தது ‘பல்லியில் சேர்த்துவிட்டோம்’.